எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை: பத்து, இருபது வருடம் கழித்து என்ன ஆகிறது?

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு 38 வயது, 118 கிலோ எடை, 160 சென்டிமீட்டர் உயரம். ஆறு வருடமாகச் சர்க்கரை நோய். மாத்திரைதான், இன்சுலின் இன்னும் ஆரம்பிக்கவில்லை. எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். “எல்லோரும் ஒரு வருடத்துப் படத்தைத்தான் காட்டுகிறார்கள், பத்து வருடம் கழித்து எடுத்த படத்தை யாரும் காட்டுவதில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக, எத்தனை கிலோ குறையும் என்று நீங்கள் கேட்கவில்லை. குறைந்தது நிற்குமா, அதற்காக உடம்பு வேறு எதையாவது இழக்குமா, கடைசியில் அக்கா கூடுதல் காலம் நன்றாக இருப்பாரா என்றுதான் கேட்கிறீர்கள்.

நான் அறுவை சிகிச்சை செய்பவன் இல்லை. சர்க்கரை நோயும் ஹார்மோன் கோளாறுகளும் பார்க்கும் மருத்துவன். அறுவை முடிந்தவர்கள் மூன்றாம் வருடம், ஏழாம் வருடம், பன்னிரண்டாம் வருடம் என்று வந்துபோகிற அறையில்தான் என் வேலை. அதில் ஒரு சாய்வு உண்டு. நன்றாக இருப்பவர்கள் வருவதை நிறுத்திவிடுவார்கள். சிரமப்படுபவர்கள்தான் திரும்பத் திரும்ப வருவார்கள். அதனால் எங்கே நீண்டகால ஆய்வு இருக்கிறதோ அங்கே என் அனுபவத்தைப் பின்னால் தள்ளிவிட்டு ஆய்வைத்தான் முன்னால் வைக்கிறேன். அக்காவின் ரிப்போர்ட் எதையும் நான் பார்க்கவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று பெரும்பாலும் செய்யப்படுபவை இரண்டு. ஒன்று ஸ்லீவ்: இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு குழாய் போல விடுவார்கள். இன்னொன்று பைபாஸ்: இரைப்பையின் மேல்பகுதியில் ஒரு சிறு பை மட்டும் அமைத்து, அதைச் சிறுகுடலோடு நேரே இணைப்பார்கள், சாப்பாடு மீதி இரைப்பையையும் குடலின் முதல் பகுதியையும் தொடாமலே போகும். இடம் சின்னதாகிவிட்டதால் சாப்பாடு குறைகிறது என்று நினைப்பது பாதி உண்மைதான். பசியைக் கிளப்பும் கிரெலின், வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்லும் ஜிஎல்பி-1 போன்ற ஹார்மோன்களின் அளவே மாறிவிடுகிறது. எடை குறைய ஆரம்பிக்கும் முன்பே, சில நாட்களிலேயே பலருக்கு ரத்தச் சர்க்கரை இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் “கல்லீரல் கெட்டுப்போகும்” என்று பயமுறுத்தினார் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பயம் ஆதாரமில்லாததல்ல. 1950களில் தொடங்கி 1970கள் வரை குடலின் பெரும்பகுதியையே சுற்றிக் கடந்துவிடும் ஒரு அறுவை செய்யப்பட்டது. அதில் கல்லீரல் செயலிழந்தவர்கள் உண்டு. அதனாலேயே அது கைவிடப்பட்டது. இன்று செய்வது அது இல்லை.

ஆயுளைப் பற்றிய கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். இதில் நம்மிடம் உள்ள மிக நீளமான சாட்சி, ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிய ஆய்வு. அறுவை செய்துகொண்ட 2,010 பேரையும், அதே போன்ற உடல்நிலையில் இருந்து வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 2,037 பேரையும் இருபது வருடங்களுக்கு மேல் தொடர்ந்து பார்த்தார்கள். 2020-இல் வெளியான கணக்கின்படி, அறுவை செய்துகொண்டவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் 3 வருடம் அதிகம் வாழ்ந்தார்கள். ஆனால் பொது மக்களோடு ஒப்பிட்டால் அவர்களுடைய ஆயுள் 5.5 வருடம் குறைவாகவே இருந்தது. இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் முதலாவது மட்டும்தான் வரும். பலருடைய ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2021-இல் வந்த இன்னொரு பெரிய கணக்கு, மொத்தத்தில் சுமார் 6 வருடம், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு 9 வருடத்துக்கும் மேல் ஆயுள் கூடுகிறது என்று சொன்னது. எனக்கு ஸ்வீடன் எண்ணில்தான் நம்பிக்கை அதிகம், அது நிஜமாகவே அத்தனை வருடம் காத்திருந்து எண்ணியது என்பதால். அதிலும் இரண்டு குறைகள் உண்டு. சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆட்களைப் பிரிக்கவில்லை. விருப்பப்பட்டவர்களுக்குத்தான் அறுவை செய்தார்கள். தவிர, அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு நடந்தது இரைப்பையைத் தைத்துப் பட்டை போடும் பழைய முறை. இன்று அதை அநேகமாக யாரும் செய்வதில்லை. அதனால் ஆயுள் கூடுகிறது என்பதை உறுதியாகச் சொல்வேன். இத்தனை வருடம் என்று உங்கள் அக்காவுக்கு எழுதிக் கொடுக்க மாட்டேன்.

அறுவையின்போதும் அதையடுத்த நாட்களிலும் உள்ள ஆபத்தைக் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் 4,776 பேரைப் பின்தொடர்ந்து 2009-இல் வெளியான ஆய்வில், 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் 0.3 சதவீதம். பித்தப்பை எடுக்கும் அறுவையோடு ஒப்பிட்டுப் பேசக்கூடிய அளவுதான். அனுபவம் நிறைந்த குழு செய்தால் இது இன்னும் குறையும்.

அடுத்தது எடை. இங்கே பெரும்பாலானவர்களுக்கு ஒரே மாதிரிப் பாதை இருக்கிறது: ஒன்றரை வருடம், இரண்டு வருடம் வரை நன்றாக இறங்கும், அப்புறம் கொஞ்சம் ஏறும், பிறகு ஒரு இடத்தில் நிற்கும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பைபாஸ் செய்துகொண்டவர்களை 12 வருடம் தொடர்ந்து பார்த்தபோது, இரண்டாம் வருடம் சராசரியாக 45 கிலோ குறைந்திருந்தது. ஆறாம் வருடம் 36 கிலோ. பன்னிரண்டாம் வருடம் 35 கிலோ. இரண்டுக்கும் ஆறுக்கும் நடுவில் ஏறிய அந்த 9 கிலோதான் எத்தனையோ பேரை என் அறையில் உட்கார்ந்து அழ வைத்திருக்கிறது. “எல்லாம் வீணாகிவிட்டது டாக்டர், நான்தான் கெடுத்துக்கொண்டேன்” என்பார்கள். வீணாகவில்லை. உடம்பு தன் பழைய எடையைத் திரும்பப் பெற முயன்றுகொண்டே இருக்கும்; ஓய்வில் செலவாகும் சக்தியைக் குறைக்கும், பசியைக் கூட்டும். அறுவை அந்த இழுப்பைத் தளர்த்துகிறது, அறுத்துவிடுவதில்லை. அக்காவுக்கு இதை அறுவைக்கு முன்பே சொல்லிவையுங்கள். ஏறும் என்று தெரிந்தவர்கள் மூன்றாம் வருடம் எடை ஏறும்போது மருத்துவரிடம் வருகிறார்கள். தெரியாதவர்கள் வெட்கப்பட்டு வராமலே இருந்துவிடுகிறார்கள். சராசரி என்பதையும் கவனியுங்கள்: சிலருக்கு எதுவும் ஏறாது, சிலருக்குப் பெரும்பகுதி திரும்ப வந்துவிடும். யாருக்கு எது நடக்கும் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்லும் பரிசோதனை எதுவும் இல்லை.

சர்க்கரை நோயில் கிடைக்கும் பலன்தான் என் துறை, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். மாத்திரையே இல்லாமல் சர்க்கரை கட்டுக்குள் இருப்பதை நாங்கள் தணிவு என்போம். குணம் என்று சொல்வதில்லை. ஸ்வீடன் ஆய்வில் இரண்டாம் வருடம் 72 சதவீதம் பேருக்குத் தணிவு இருந்தது, 15-ஆம் வருடம் அது 30 சதவீதமாக இறங்கியது. யூட்டாவில் பைபாஸ் செய்தவர்களில் இரண்டாம் வருடம் 75, பன்னிரண்டாம் வருடம் 51 சதவீதம். அந்த 51-ஐப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். அறுவைக்கு முன் எந்த மருந்தும் எடுக்காமல் இருந்தவர்களில் 73 சதவீதம், மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 56 சதவீதம், இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவர்களில் வெறும் 16 சதவீதம். கணையம் எவ்வளவு களைத்துப்போவதற்கு முன் அறுவை நடக்கிறது என்பதைப் பொறுத்தே எல்லாம். உங்கள் அக்கா நடுவில் இருக்கிறார். “இன்சுலின் வரைக்கும் போகட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்” என்று யாராவது சொன்னால், அந்த ஒரு யோசனையை மட்டும் ஏற்காதீர்கள்.

சரி, ஸ்வீடனில் 15-ஆம் வருடம் 70 சதவீதம் பேருக்குத் தணிவு இல்லையே, அப்புறம் எதற்கு என்று கேட்கலாம். அதே ஸ்வீடன் ஆய்வில் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றில் வரும் சர்க்கரைப் பாதிப்பு, அறுவை செய்தவர்களுக்கு மற்றவர்களில் பாதியாகத்தான் இருந்தது. அதாவது தணிவு நிலைக்காவிட்டாலும், சர்க்கரை கட்டுக்குள் இருந்த அந்த வருடங்கள் ரத்தக்குழாய்க்குக் கணக்கில் வரவு வைக்கப்படுகின்றன. இன்னொரு பக்கம், தணிவு வந்ததும் கண் பரிசோதனையையும் சிறுநீர்ப் பரிசோதனையையும் நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே ஆரம்பித்துவிட்ட பாதிப்பு தனியாக வளரக்கூடும். தணிவில் இருந்தாலும் வருடம் ஒருமுறை இரண்டும் வேண்டும்.

இனி உங்கள் கேள்வியில் நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன விஷயம்: “வைட்டமின் மாத்திரை வாழ்நாள் முழுவதும் போட வேண்டுமாமே, உண்மையா?” உண்மை. நான் பார்த்த சேதங்களில் பெரும்பாலானவை கத்தியால் வந்தவை இல்லை, நிறுத்திய மாத்திரையால் வந்தவை. இரும்புச்சத்து முக்கியமாகக் குடலின் முதல் பகுதியில் உறிஞ்சப்படுகிறது. பைபாஸில் சாப்பாடு அந்த இடத்தைத் தொடுவதே இல்லை. மாதவிடாய் உள்ள பெண்களுக்கு இதனால் ரத்தசோகை சீக்கிரம் வரும். பி12-க்கு இரைப்பை சுரக்கும் ஒரு புரதத்தின் துணை வேண்டும். இரைப்பை சுருங்கியதும் அதுவும் குறைகிறது. இதில் ஏமாற்றும் விஷயம், கல்லீரலில் பி12 சில வருடங்களுக்குப் போதுமான அளவு சேமிப்பில் இருப்பது. மாத்திரையை நிறுத்தினாலும் முதல் வருடம் எதுவும் ஆகாது. “நான் நிறுத்தி ஒரு வருடம் ஆச்சு, நன்றாகத்தானே இருக்கிறேன்” என்பார்கள். மூன்றாவது, நான்காவது வருடம் கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். நரம்பில் ஏற்பட்ட சேதம் நீண்டு போனால், பிறகு ஊசி போட்டாலும் முழுதாகத் திரும்புவதில்லை. கால்சியமும் வைட்டமின் டி-யும் குறைந்தால் ரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாகவே காட்டும், ஏனென்றால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்துக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும். அதனால் வைட்டமின் டி-யையும், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்க வைக்கும் பாராதைராய்டு ஹார்மோனையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பைபாஸுக்குப் பின் எலும்பு முறிவு கூடுகிறது என்பதில் இப்போது சந்தேகம் இல்லை. கால்சியம் மாத்திரையில் சிட்ரேட் வகை, இரைப்பை அமிலம் குறைந்தவர்களுக்கும் நன்றாக உறிஞ்சப்படும்; இரும்பு மாத்திரையோடு சேர்த்துப் போடாமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். ஸ்லீவ் செய்தவர்களுக்கு இதெல்லாம் தேவையில்லை என்று ஒரு பேச்சு உலவுகிறது. குறைபாடு பைபாஸைவிடக் குறைவுதான். இல்லை என்று ஆகாது.

ஒரு ஆபத்தை மட்டும் தனியாகச் சொல்கிறேன், தயவுசெய்து வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். தயமின் என்கிற பி1 உடம்பில் சில வாரங்களுக்கு மேல் சேமிப்பில் இருக்காது. அறுவைக்குப் பின் விடாமல் வாந்தி எடுக்கும் ஒருவருக்கு அது காலியாகிவிட்டால் பார்வை இரண்டாகத் தெரியும், நடை தடுமாறும், பேச்சில் குழப்பம் வரும். நிரந்தர மறதியில்கூடப் போய் முடியலாம். சிறு வயதுப் பெண் ஒருவரை, “பலவீனம், சத்து இல்லை” என்று வேறொரு இடத்தில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றி அனுப்பிய பிறகு நான் பார்க்க நேர்ந்தது. தயமின் இல்லாத உடம்பில் குளுக்கோஸ் ஏற்றினால் மிச்சம் இருப்பதும் செலவாகி நிலைமை மோசமாகும். அவர் பிழைத்தார், நடையும் வந்தது. ஆனால் அந்த மாதத்தின் நினைவு அவருக்கு இன்றும் திரும்பவில்லை. வாந்தி இரண்டு மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்குப் போங்கள். போன உடனேயே “எடைக் குறைப்பு அறுவை ஆனவர், முதலில் தயமின் கொடுங்கள்” என்று சொல்லுங்கள்.

பித்தப்பையில் கல், எடை வேகமாக இறங்கும் முதல் வருடத்தில் வரும். முதல் ஆறு மாதம் அதைத் தடுக்க மாத்திரை உண்டு. பைபாஸுக்குப் பின் சிறுநீரகக் கல்லும் கூடுதல், தண்ணீர் குறையக் கூடாது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் புகையும் பைபாஸ் செய்த இடத்தில் புண் உண்டாக்கும். வலிக்குப் பாரசிட்டமால் போதும். தோல் தொங்குவது பற்றிக் கேட்டீர்கள்: தொங்கும், உடற்பயிற்சியால் பெரிதாக மாறாது. பைபாஸ் ஆகி எத்தனை வருடமானாலும், வயிற்றில் விட்டுவிட்டு முறுக்கிப் பிடிக்கும் கடும் வலி வந்தால் உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும். குடல் உள்ளுக்குள்ளேயே ஒரு இடைவெளியில் சிக்கியிருக்கலாம். சாதாரண வாயுத் தொல்லை என்று இரவைக் கடத்தக் கூடாது.

ஸ்லீவா, பைபாஸா என்று தெரிந்துகொள்ள விரும்பினீர்கள். ஃபின்லாந்தில் 240 பேரைச் சீட்டுப் போட்டுப் பிரித்துச் செய்த ஆய்வின் பத்து வருட முடிவு இருக்கிறது. எடையில் பைபாஸ் கொஞ்சம் மேல். பெரிய வித்தியாசம் தெரிந்தது உணவுக்குழாயில்: ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதம் பேருக்கு அமிலத்தால் உணவுக்குழாய் புண்பட்டிருந்தது, பைபாஸில் 7 சதவீதம். ஸ்லீவுக்குப் பின் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் மிக அதிகம் என்று முன்பு வந்த சில சிறிய ஆய்வுகள் பயமுறுத்தின. இந்த ஆய்வில் அது இரண்டு குழுவிலும் 4 சதவீதமாக ஒன்றுபோலவே இருந்தது. அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. அக்காவுக்கு இப்போதே நெஞ்செரிச்சல் தொல்லை இருந்தால் அதை அறுவை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சர்க்கரையும் நெஞ்செரிச்சலும் சேர்ந்திருந்தால் நான் பைபாஸ் பக்கம் சாய்வேன். இது என் சாய்வு, சட்டம் இல்லை. பைபாஸுக்கும் ஒரு பக்கம் உண்டு: ஒரு வருடம், இரண்டு வருடம் கழிந்த பிறகு சிலருக்குச் சாப்பிட்டு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்தில் சர்க்கரை தாழ்ந்து, வியர்த்து மயக்கம் வரும். இனிப்பையும் மாவுச்சத்தையும் குறைத்துச் சிறு சிறு வேளையாகச் சாப்பிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். வண்டி ஓட்டுபவராக இருந்தால் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

மனதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட மனமில்லை. யூட்டாவின் முந்தைய ஆய்வு ஒன்று 2007-இல் வந்தது. அதில் பைபாஸ் செய்தவர்களுக்கு மொத்த இறப்பு 40 சதவீதம் குறைந்தது, சர்க்கரை நோயால் வரும் இறப்பு 92 சதவீதம் குறைந்தது. அதே ஆய்வில், விபத்து, தற்கொலை போன்ற நோயல்லாத காரணங்களால் வந்த இறப்பு 58 சதவீதம் கூடியிருந்தது. பைபாஸுக்குப் பின் மது வேகமாக ரத்தத்தில் ஏறும். முன்பு பிரச்சினை இல்லாதவர்களிலும் ஐந்து வருடத்துக்குள் சுமார் ஐந்தில் ஒருவருக்கு மதுப் பழக்கக் கோளாறின் அறிகுறிகள் வந்ததாக ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு கண்டது. எடை குறைந்தால் எல்லாம் சரியாகும் என்று நம்பியிருந்தவருக்கு, எடை குறைந்தும் துக்கம் அப்படியே இருக்கும்போது வரும் ஏமாற்றம் மிகப் பெரியது. மனச்சோர்வு மாத்திரை எடுப்பவராக இருந்தால், அறுவைக்குப் பின் அது உடம்பில் சேரும் அளவும் மாறலாம். அக்கா முன்பு எப்போதாவது மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்திருந்தால் அதை மறைக்க வேண்டாம். அறுவையை மறுக்க அது காரணமாகாது, கூடவே ஒரு மனநல மருத்துவர் இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம்.

குழந்தை வேண்டும் என்ற எண்ணம் அக்காவுக்கு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் கணக்கு மாறும். அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதம் கருத்தரிக்காமல் இருக்கச் சொல்வோம்; அவருக்கு 38 என்பதால் அந்தக் காத்திருப்பு சின்ன விஷயம் இல்லை. ஸ்வீடனில் 2015-இல் வந்த ஆய்வில், அறுவைக்குப் பின் கருத்தரித்தவர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை 6.8-க்குப் பதில் 1.9 சதவீதம்தான் வந்தது. ஆனால் எடை குறைந்த குழந்தைகள் 7.6-க்குப் பதில் 15.6 சதவீதம். எடை இறங்கும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு திடீரென்று கூடும், பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்ப முடியாது. வேறு முறை தேவை.

அறுவைக்குப் பதில் பசியைக் குறைக்கும் செமாக்ளூடைட், டிர்செபடைட் ஊசி போடலாமா என்பதற்கு: எடை இறங்குகிறது, நன்றாகவே இறங்குகிறது. நிறுத்தினால் பெரும்பகுதி திரும்பி வருகிறது. எடைக்காக இவற்றைப் பத்து வருடம் எடுத்துக்கொண்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு இன்னும் இல்லை, அதனால் நீங்கள் கேட்ட அந்தப் பத்து வருடத்துப் படத்தை ஊசிக்கு யாராலும் காட்ட முடியாது. அறுவைக்குப் பின் எடை ஏறியவர்களுக்கு நான் இவற்றைக் கொடுக்கிறேன், உதவுகிறது. அக்காவின் பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடையின் அளவு, 46. அந்த அளவில், சர்க்கரையும் சேர்ந்திருக்கும்போது, முக்கியமான உலக வழிகாட்டுதல்கள் அறுவையைப் பரிந்துரைக்கின்றன. என் சொந்த அக்காவாக இருந்தாலும் நான் தடுக்க மாட்டேன்.

ஆனால் தேதி குறிப்பதற்கு முன் அந்த மருத்துவமனையில் மூன்று விஷயம் கேளுங்கள். ஐந்தாம் வருடம், பத்தாம் வருடம் யார் பார்ப்பார்கள், அந்த ஆளின் பெயர் என்ன? வருடாந்திர ரத்தப் பரிசோதனையில் என்னென்ன பார்ப்பீர்கள்? அறுவை முடிந்து ஏழெட்டு வருடமான ஒருவரோடு, அவர் சம்மதித்தால், அக்கா பேச முடியுமா? மூன்றாவதுக்கு முடியும் என்று பதில் வந்தால், நீங்கள் வெளியே உட்கார்ந்துகொண்டு அக்காவைத் தனியாகப் பேச விடுங்கள். நானும் நீங்களும் கேட்கத் தோன்றாத கேள்விகள் அவரிடம் இருக்கும்.